வெட்ட வெட்ட வாழ்ந்த காடு

மேனர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து வடக்கே சில நிமிடங்கள் நடந்தால் வீட்டு வரிசைகள் சட்டென்று முடிந்து, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளி விரியும். கிழக்கு லண்டனில் வாழும் தமிழர் பலருக்கு அது பழக்கமான இடம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைப் பந்தடிக்க அழைத்துப்போகும் வெளி. வான்ஸ்டெட் பிளாட்ஸ் என்பது அதன் பெயர். அதன் பக்கத்துத் தெருவில் குடியேறி ஏழெட்டு ஆண்டுகள் வரை நான் அதை நகராட்சியின் மைதானம் என்றே நினைத்திருந்தேன். ஒரு நாள் ஓரத்திலிருந்த பலகையை நின்று வாசித்தபோதுதான், நான் நிற்பது எப்பிங் காட்டின் தென்முனை என்பதும், அந்தக் காடு இங்கிருந்து வடக்கே எசெக்ஸில் எப்பிங் ஊருக்கு அப்பால் வரை ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீள்கிறது என்பதும் தெரிந்தது.

அன்றிலிருந்து அந்தக் காடு என்னைப் பிடித்துக்கொண்டது. மேனர் பார்க்கில் தொடங்கி எப்பிங்கில் முடியும் 15 மைல் நடைபாதை ஒன்று உண்டு. காட்டைக் காத்த சட்டத்தின் நூற்றாண்டை ஒட்டி 1978இல் வகுக்கப்பட்ட வழி அது. அதை முழுமையாக நான்கு முறை நடந்திருக்கிறேன். துண்டு துண்டாக நடந்ததற்குக் கணக்கில்லை. லீ, ரோடிங் என்ற இரண்டு ஆறுகளுக்கு இடையே கிடக்கும் நீண்ட மேட்டு நிலம் இது. மேட்டின் முதுகில் சரளையும் மணலும். சரிவுகளில் லண்டன் களிமண். சரளை மேட்டில் பீச் மரங்கள், களிமண் சரிவில் ஹார்ன்பீம், இரண்டிலும் ஓக், இடையிடையே முள்ளிலை கொண்ட ஹாலிப் புதர்கள். மொத்தம் சுமார் 2,400 ஹெக்டேர். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானது சட்டப்படி தனிப் பாதுகாப்புப் பெற்ற இயற்கைப் பகுதி.

இவ்வளவையும் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும், அந்தக் காட்டின் மிக முக்கியமான செய்தி என் கண்ணில் படவில்லை. அதைக் காட்டியவர் என் சித்தப்பா. ஊரில் இருந்த காலமெல்லாம் இணுவிலில் புகையிலைத் தோட்டம் செய்தவர். எழுபது வயதுக்கு மேல் மகனிடம் லண்டனுக்கு வந்தவர். ஓர் அக்டோபர் மாதத்தில் லௌட்டன் ஊரை ஒட்டிய காட்டுப் பகுதிக்கு அவரை அழைத்துப்போனேன். பழமையான, மனிதக் கை படாத காடு என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் ஒரு ஹார்ன்பீம் மரத்தடியில் நின்றார். ஆள் உயரத்துக்குச் சற்று மேல் வரை ஒரே அடிமரம். அதற்கு மேலே ஒரே மட்டத்திலிருந்து ஏழெட்டுத் தடித்த கொம்புகள் விரல்களைப் போல் கிளம்பி வானத்துக்கு நீண்டிருந்தன. அடுத்த மரமும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. அவர் கைத்தடியால் அந்த மட்டத்தைச் சுட்டிக் காட்டினார்.

"இது தானாய் வளர்ந்த மரமில்லை, பிள்ளை. ஆரோ முறை வைச்சு வெட்டிக்கொண்டு வந்திருக்கினம். எங்கட வேலிப் பூவரசு மாதிரித்தான். இடையில விட்டிட்டினம்."

யாழ்ப்பாணத்து வேலிகளில் கதியாலாக நடப்பட்ட பூவரசைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆண்டுதோறும் தலை வெட்டிக் குழையை எடுத்துத் தோட்டத்தில் தாழ்ப்பார்கள். வெட்டிய இடத்திலிருந்து மறுபடி துளிர்க்கும். வெட்டு விழும் இடம் ஆண்டுக்காண்டு தடித்து, முடிச்சு முடிச்சாகத் திரண்டுவிடும். அவருடைய கண் அந்த முடிச்சைத்தான் கண்டுபிடித்தது. ஏழெட்டு ஆண்டு நடந்தும் நான் பார்க்காத ஒன்றை அவர் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டார். "இடையில விட்டிட்டினம்" என்ற அந்தக் கடைசிச் சொல்தான் எப்பிங் காட்டின் கடந்த நூற்றைம்பது ஆண்டு வரலாறு என்பது, பிறகு வாசிக்க வாசிக்க எனக்கு விளங்கியது.

இந்த முறையில் வெட்டப்பட்ட மரத்தைப் போலார்ட் என்பார்கள். தரையோடு வெட்டினாலும் இந்த நாட்டு மரங்கள் மறுதாம்பு விடும். ஆனால் மாடும் மானும் திரியும் காட்டில் தரையோடு வெட்டினால் துளிர் தப்பாது. அதனால் விலங்கின் வாய்க்கு எட்டாத உயரத்தில், ஆறடிக்கு மேலே ஏழு, எட்டு, ஒன்பது அடியில் வெட்டினார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒரு முறை அந்தத் தலையில் வளர்ந்த கொம்புகளை விறகுக்கு எடுப்பார்கள். ஒரே நிலம் மேலே விறகும் கீழே மேய்ச்சலும் தந்தது. ஹார்ன்பீம் அதற்கென்றே அமைந்த மரம். அதன் கட்டை இரும்பு போல் கடினமானது. ஆலைகளின் மரப் பற்சக்கரங்களுக்கும் எருதுகளின் நுகத்தடிக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். விறகாக எரிந்தால் நின்று எரியும். கரியும் நல்ல கரி. அதன் அடிமரத்தில் கை வைத்துப் பார்த்தால், சாம்பல் நிறப் பட்டைக்கு அடியில் நரம்பு புடைத்த முழங்கையைப் போல் மேடும் பள்ளமுமாக முறுக்கி ஓடும். பீச்சின் பட்டையோ வழவழப்பானது, யானையின் காலைப் போல.

வெட்டு மரத்தைக் கொல்லும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மை நேர்மாறானது. வெட்டாமல் விட்ட பீச் மரம் இருநூறு, இருநூற்றைம்பது ஆண்டுகளில் தன் பாரத்தாலேயே தளர்ந்து விழத் தொடங்கும். முறையாகத் தலை வெட்டப்பட்ட பீச் நானூறு ஆண்டுகளையும் தாண்டி நிற்கும். உள்ளே அழுகிக் குடைந்து கூடாகிப்போனாலும், தாங்க வேண்டிய சுமை குறைவாக இருப்பதால் அந்தக் கூடு நிற்கிறது. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மேலே இருப்பது இளங்கொம்பு. கீழே இருப்பது முதிய உடல். எப்பிங்கில் 50,000க்கும் மேற்பட்ட தொன்மரங்கள் இன்று நிற்பதற்குக் காரணம், யாரோ அவற்றை வெட்டிக்கொண்டே இருந்தார்கள் என்பதுதான்.

இங்கிலாந்தில் 'தொன்மையான காடு' என்பதற்கு ஒரு வரையறை உண்டு: 1600ஆம் ஆண்டிலிருந்தாவது இடைவிடாமல் காடாக இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்துக்கு முன் புதிதாகக் காடு நட்டு வளர்க்கும் வழக்கம் அரிது என்பதால், 1600இல் மரங்கள் நின்ற இடத்தில் அதற்கு வெகுகாலம் முன்பும் மரங்களே நின்றிருக்கும் என்ற கணக்கு. எப்பிங் இந்த வரையறையைத் தாண்டிப் பின்னே போகிறது. காட்டினுள் இருக்கும் ஒரு சதுப்புக் குழியின் சேற்றை அடுக்கடுக்காக எடுத்து, அதில் படிந்த மகரந்தத்தை 1970களில் ஆராய்ந்தார்கள். மகரந்தத் துகளின் மேலுறை காற்றுப் படாத சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். எந்த மரத்தின் துகள் எவ்வளவு என்று எண்ணினால், எந்தக் காலத்தில் எந்த மரம் நின்றது என்று சொல்லிவிடலாம். அந்தச் சேறு சொன்ன செய்தி வியப்பானது. இன்று பீச்சும் பிர்ச்சும் நிற்கும் மேட்டில், ஆங்கிலோ சாக்சன் காலம் வரை லிண்டன் மரமே ஓங்கியிருந்தது. அந்த மரம் இன்று இங்கே அரிது. அது குறைந்த பிறகே பீச்சும் பிர்ச்சும் ஓக்கும் பெருகின. மனிதர் மரம் எடுத்ததும் மாடு மேய்த்ததும் அந்த மாற்றத்தோடு சேர்ந்தே வருகின்றன. லிண்டனின் துளிர் மாட்டுக்கு மிகவும் பிடித்த தீவனம்.

காட்டில் மனிதர் கை அதற்கும் முன்பே உண்டு. லௌட்டனுக்கு மேலே மேட்டு விளிம்பிலும், எப்பிங்கை நெருங்கும்போது ஆம்ப்ரெஸ்பரி பேங்க்ஸ் என்ற இடத்திலும் இரும்புக் காலத்து மண் கோட்டைகள் இரண்டு இருக்கின்றன. அகழியும் கரையும் இன்றும் தெரியும். ஆம்ப்ரெஸ்பரியின் கரை மேல் வயதான பீச் மரங்கள் வேர் பரப்பி நிற்கின்றன. அங்கே ஒரு முறை மழைக்கு ஒதுங்கி நின்றபோது, ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட மண்வெட்டி வேலையின் மேல் நானூறு ஆண்டுக் கோடரி வேலை நிற்பதை ஒரே பார்வையில் பார்த்தேன்.

ஃபாரஸ்ட் என்ற சொல்லுக்கு இங்கிலாந்தின் பழைய சட்டத்தில் மரம் என்ற பொருளே கிடையாது. அரசனின் மானுக்கென்று தனிச் சட்டம் செல்லுபடியாகும் நிலம் என்பதே பொருள். ஊரும் வயலும் புல்வெளியும் அதற்குள் அடங்கும். நார்மன் அரசர் காலத்தில் எசெக்ஸின் பெரும்பகுதி அப்படி அரச காடாக இருந்தது. எப்பிங் அதன் எச்சம். மான் அரசனுடையது, மண் நிலக்கிழாருடையது, மேய்ச்சலும் விறகும் அங்கே வாழும் மக்களுடையவை என்று மூன்று உரிமைகள் ஒரே நிலத்தில் அடுக்கப்பட்டிருந்தன. மான் தடையின்றி ஓட வேண்டும் என்பதற்காக யாரும் வேலி போடக் கூடாது என்பது அரசனின் விதி. அந்த விதி குடியானவனின் பயிருக்குக் கேடாக இருந்தது. அவனுடைய மாட்டுக்கு மட்டும் காட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வழி திறந்து வைத்தது. இதை நினைவில் வைத்திருங்கள்; பின்னால் ஒரு வழக்கு இதன் மேலேயே தீர்ந்தது. மற்றபடி அரச வேட்டையின் அடையாளத்தை வெகுதூரம் தேட வேண்டியதில்லை. எட்டாம் ஹென்றிக்காக 1543இல் கட்டி முடிக்கப்பட்ட மூன்று மாடி மரக் கட்டடம் சிங்ஃபோர்டில் இன்னும் நிற்கிறது. மேலிருந்து வேட்டையைப் பார்ப்பதற்கும் எய்வதற்கும் எழுப்பியது. அவர் மகளின் பெயரால் எலிசபெத் அரசியின் வேட்டை மாளிகை என்று இன்று அழைக்கிறார்கள்.

எனக்கு அந்த மாளிகையைவிட லௌட்டன் மக்களின் கோடரியே பெரிது. நவம்பர் 11ஆம் நாள் நள்ளிரவிலிருந்து ஏப்ரல் 23 வரை, இலையுதிர்ந்த குளிர்காலம் முழுவதும், கொம்பு வெட்டும் உரிமை அந்த ஊர் மக்களுக்கு இருந்தது. வெட்டிய கொம்பைத் தங்கள் அடுப்புக்கும் எடுக்கலாம், அக்கம்பக்கத்தில் விற்கவும் செய்தார்கள். நள்ளிரவு மணி அடித்ததும் முதல் கொம்பை வெட்டாவிட்டால் ஊரின் உரிமை முழுவதும் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் அந்த இரவில் ஸ்டேபிள்ஸ் ஹில் மேட்டில் தீ மூட்டிக் காத்திருப்பார்களாம். உரிமையை முறிக்க எண்ணிய நிலக்கிழார் ஓர் ஆண்டு அந்த இரவில் ஊராருக்கெல்லாம் விருந்து வைத்துக் குடிக்கக் கொடுத்ததாகவும், தாமஸ் வில்லிங்கேல் என்ற முதியவர் மட்டும் எழுந்து போய் நள்ளிரவில் ஒரு கொம்பை வெட்டிக் கொண்டுவந்து விருந்து மண்டபத்தில் காட்டியதாகவும் ஒரு கதை உண்டு. கதை கதைதான். வில்லிங்கேல் கதையல்ல.

1851இல் நாடாளுமன்றம் பக்கத்திலிருந்த ஹைனால்ட் காட்டின் சட்டப் பாதுகாப்பை நீக்கியது. பல நூற்றாண்டு மரங்கள் சில வாரங்களில் வேரோடு பிடுங்கப்பட்டு, நிலம் உழவுக்குப் போனது. அடுத்தது எப்பிங்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அரசு 1850களில் காட்டின் மேல் தனக்கிருந்த உரிமையை நிலக்கிழார்களுக்கு விலை பேசி விற்றது. அரசனின் மான் போயிற்று. மானோடு வேலி கூடாது என்ற விதியும் போயிற்று என்று அவர்கள் எண்ணினார்கள். 1856இல் லௌட்டனுக்கு ரயில் வந்திருந்தது. லண்டனிலிருந்து வீடு கட்ட வருவோருக்கு மனையாக விற்றால் நல்ல விலை. 1850இல் சுமார் 6,000 ஏக்கராக இருந்த திறந்த காடு 1870 அளவில் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. லௌட்டனில் நிலக்கிழாரும் தேவாலயப் பாதிரியாரும் ஒருவரே. அவர் ஆயிரம் ஏக்கருக்கும் மேல் வேலியிட்டார்.

வில்லிங்கேல் வேலிக்குள் போய் வழக்கம் போல் கொம்பு வெட்டினார். 1866இல் அவர் குடும்பத்தைச் சேர்ந்த மூவருக்கு அபராதம் விதித்தார்கள். அதைக் கட்ட மறுத்து மூவரும் சிறைக்குப் போனார்கள். அந்தச் செய்தி லண்டனை எட்டியது. பொது நிலங்களைக் காக்க 1865இல் தொடங்கப்பட்டிருந்த ஒரு சங்கம் வில்லிங்கேலின் பெயரில் வழக்குத் தொடுக்க உதவியது. எழுபது வயதை நெருங்கிய கூலித் தொழிலாளி, தன் ஊரின் விறகு உரிமைக்காக நிலக்கிழாரை எதிர்த்து நின்றார். 1870இல் அவர் இறந்தார். அவருடைய வழக்கும் அவரோடு முடிந்தது.

அதன்பிறகு காட்டைக் காத்தது ஒரு சுடலை. இதை வாசித்த நாளில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். லண்டன் மாநகரத்தின் தேவாலய முற்றங்களில் புதைக்க இடமில்லாமல் போனபோது, மாநகராட்சி 1850களில் ஆல்டர்ஸ்புரூக் பண்ணையை வாங்கி, 1856இல் அங்கே பெரிய மயானம் ஒன்றைத் திறந்தது. வான்ஸ்டெட் பிளாட்ஸை ஒட்டியிருக்கும் மயானம் அது. அந்தப் பண்ணை நிலத்தோடு, காட்டில் மாடு மேய்க்கும் பழைய உரிமையும் சேர்ந்து வந்திருந்தது. வில்லிங்கேலிடம் இல்லாத பணமும் வழக்கறிஞர்களும் இப்போது அதே உரிமையின் பின்னால் நின்றன. 1871 ஜூலையில் வான்ஸ்டெட் பிளாட்ஸில் வேலியிட்டதை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் கூடி, வேலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். அதே ஆண்டில் மாநகராட்சியின் கழிவுநீர் ஆணையர்கள் — மயானம் அவர்கள் பொறுப்பில்தான் இருந்தது — நிலக்கிழார்கள் மேல் வழக்குத் தொடுத்தார்கள்.

வழக்கின் முடிச்சு ஒன்றே ஒன்று. மேய்ச்சல் உரிமை அந்தந்த நிலக்கிழாரின் எல்லைக்குள் மட்டுமா, காடு முழுவதிலுமா? எல்லைக்குள் மட்டும் என்றால், ஒவ்வொரு நிலக்கிழாரும் தன் ஊர்க்காரர் சிலரைச் சரிக்கட்டி வேலி போட்டுவிடலாம். காடு முழுவதிலும் என்றால், எந்த மூலையில் போட்ட வேலியும் எல்லோருடைய மாட்டையும் தடுக்கிறது. மான் ஓட வேலி கூடாது என்ற அந்தப் பழைய விதியால் மாடுகள் நூற்றாண்டுகளாக எல்லை பாராமல் மேய்ந்துவந்தன என்பதைச் சாட்சியங்களோடு காட்டினார்கள். நீதிபதி சர் ஜார்ஜ் ஜெசல் 1874இல் உரிமை காடு முழுவதற்கும் உரியது என்று தீர்ப்பளித்தார். வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் போட்ட வேலிகள் எல்லாம் சட்டவிரோதமாயின. 1878இல் எப்பிங் காட்டுச் சட்டம் வந்தது. காடு திறந்த வெளியாக மக்களுக்கென்றே காக்கப்பட வேண்டும். மாநகராட்சி அதன் காவலராக இருக்க வேண்டும். 1882 மே 6ஆம் நாள் விக்டோரியா அரசி ஹை பீச் மேட்டுக்கு வந்து, இந்தக் காட்டை என்றென்றைக்கும் மக்களின் பயனுக்கு ஒப்படைப்பதாக அறிவித்தார்.

என் சித்தப்பாவை எரியூட்டியதும் அந்த மயானத்தில்தான். தகன மண்டபத்திலிருந்து வெளியே வந்து நின்றபோது, மதிலுக்கு அப்பால் பிளாட்ஸின் மேல் வானம்பாடி ஒன்று பாடிக்கொண்டே செங்குத்தாக ஏறியது. மாநகரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வானம்பாடி தரையில் கூடு கட்டும் இடங்கள் மிகச் சில. இனப்பெருக்கக் காலத்தில் அவற்றுக்காக இப்போது புல்வெளியின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக அடைத்துவைக்கிறார்கள்.

இவ்வளவு நல்ல சட்டத்தில் ஒரு பெரிய பிழை இருந்தது என்பது என் எண்ணம். காட்டின் இயற்கைத் தோற்றத்தைக் காக்க வேண்டும் என்று சொன்ன அதே சட்டம், காக்க வேண்டியவற்றின் பட்டியலில் போலார்டுகளையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. ஆனால் போலார்டைப் போலார்டாக வைத்திருந்த வெட்டு உரிமையை நிறுத்திவிட்டது. லௌட்டன் மக்களுக்கு ஈட்டுத்தொகை கொடுத்தார்கள். அதில் ஊருக்குப் பொதுவாக ஒரு மண்டபம் கட்டினார்கள். 1884இல் திறந்த அந்த லாப்பிங் மண்டபம், கொம்பு வெட்டு மண்டபம் என்றே பொருள்படும் பெயரோடு, இன்றும் கடைத்தெருவில் நிற்கிறது. அன்றைய படித்தவர்களின் கண்ணில் தலை வெட்டிய மரம் ஊனமான மரம். ஓங்கி வளர்ந்த மரமே அழகு. ஏழைகள் கோடரியோடு திரிவது காட்டுக்குக் கேடு. வில்லிங்கேல் யாரோடு மோதினாரோ அவர்கள் தோற்றார்கள். அவர் எதைக் கேட்டாரோ அதுவும் கிடைக்கவில்லை.

விளைவு மெதுவாக வந்தது. பத்துப் பதினைந்து ஆண்டில் வெட்டப்பட வேண்டிய கொம்புகள் வளர்ந்துகொண்டே போயின. ஒரே முடிச்சிலிருந்து கிளம்பிய ஏழெட்டுக் கொம்புகள் ஒவ்வொன்றும் தனி மரம் அளவுக்குத் தடித்தன. அவற்றின் இலைக்கூரை ஒன்றோடொன்று மூடிக்கொண்டது. பீச் காட்டில் கோடைகாலத்தில் நடந்தால் பகலிலும் மாலை போன்ற இருட்டு. தரையில் செம்பழுப்பு இலைச் சருகைத் தவிரப் புல் பூண்டு எதுவும் இராது. முன்பு மாடு மேய்ந்த, வெயில் விழுந்த, புல்லும் ஹீத்தர்ச் செடியும் பூத்த திட்டுகள் பிர்ச் கன்றுகளால் மூடிப்போயின. 1890களில் காவலர்கள் நெரிசலைக் குறைக்க மரங்களை அகற்றத் தொடங்கியபோது பெரிய விவாதம் கிளம்பியது. பக்கத்து வால்தம்ஸ்டோவில் பிறந்து, சிறுவயதில் இந்தக் காட்டில் அலைந்து வளர்ந்த வில்லியம் மாரிஸ், 1895இல் செய்தித்தாளுக்கு எழுதிய கடிதங்களில் அதைக் கண்டித்தார். தலை வெட்டிய ஹார்ன்பீம் தோப்புகளே எப்பிங்கின் தனித்தன்மை, அவற்றைக் களைந்து ஓக் பூங்காவாக்கிவிடாதீர்கள் என்பது அவர் வாதம். அந்த ஊனமான உருவத்தில் அழகைக் கண்ட வெகு சிலரில் அவர் ஒருவர். மரத்தை எடுப்பதும் கொம்பை எடுப்பதும் வேறு வேறு என்பதை அந்த விவாதத்தின் இரு தரப்பும் போதிய அளவு பேசவில்லை.

முதிய பீச் போலார்ட் ஒன்றை நெருங்கிப் பார்த்தால், கொம்புகள் கிளம்பும் முடிச்சுக்கு நடுவே ஒரு கிண்ணம் இருக்கும். மழைநீர் அதில் தேங்கி, வழிந்து, பட்டை மேல் கறுத்த கோடாக இறங்கும். ஹை பீச் அருகே ஒரு மரத்தில் அப்படியொரு கோட்டை ஒரு மணி நேரம் பார்த்தேன். ஈரம் ஓடும் விளிம்பில் நகக்கண் அளவுக்குச் சிறிய பாசித் திட்டு, தொட்டால் பூனையின் மூக்கைப் போல் குளிர்ந்து ஈரமாக இருந்தது. நான் பார்த்தது எந்தப் பாசி என்று சொல்லும் பயிற்சி எனக்கு இல்லை. ஆனால் பீச் மரத்தின் இத்தகைய முடிச்சுக் குழிகளிலும் நீர் வழியும் கோடுகளிலும் மட்டுமே வாழும் சைகோடான் ஃபோர்ஸ்டெரி என்ற அரிய பாசிக்குப் பிரிட்டனில் எப்பிங், பர்ன்ஹாம் பீச்சஸ், நியூ ஃபாரஸ்ட் ஆகிய மூன்று காடுகளே புகலிடம். மூன்றுமே தலை வெட்டிய முதிய பீச் நிற்கும் காடுகள். கோடரி உண்டாக்கிய காயமே அதற்கு வீடு. மரத்தின் உள்ளே அழுகிய கட்டையிலும் அதே கதைதான்: பட்ட மரத்தைத் தின்று வாழும் வண்டினங்களுக்கு எப்பிங் பெயர் பெற்றது. மான்கொம்பு வண்டின் புழு மண்ணுக்கடியில் உளுத்த கட்டையைத் தின்றபடி பல ஆண்டுகள் கிடந்து, ஒரே ஒரு கோடையில் கொம்போடு வெளியே பறக்கிறது. நானூறு ஆண்டு மரம் விழுந்துவிட்டால், அதே அளவு உளுத்த மரம் மறுபடி உருவாக நானூறு ஆண்டு வேண்டும்.

அதனால்தான் மறுபடி வெட்டத் தொடங்கினார்கள். ஹார்ன்பீம் எளிதில் துளிர்த்தது. நூறாண்டு வெட்டாமல் விட்டதைக்கூட மன்னித்தது. பீச் மன்னிக்கவில்லை. நூற்றாண்டு கழித்துத் தலை முழுவதையும் ஒரே முறையில் எடுத்தால் பெரும்பாலும் பட்டுப்போகிறது. ஆகவே இப்போது சில ஆண்டுகள் இடைவெளி விட்டு, கொம்பின் நுனியிலிருந்து சிறிது சிறிதாக இறக்குகிறார்கள். கீழே துளிர் வருகிறதா என்று பார்த்தே அடுத்த வெட்டு. மாநகராட்சி 1880இலேயே வாங்கிக் காத்துவரும் பர்ன்ஹாம் பீச்சஸ் காட்டில் பட்டுத் தெரிந்த பாடம் இதற்கு உதவுகிறது. மாடுகளும் திரும்பியிருக்கின்றன. 1996இல் பைத்திய மாட்டு நோய் நெருக்கடியோடு மேய்ச்சல் நின்றுபோயிருந்தது. இப்போது நீண்ட கொம்புடைய லாங்ஹார்ன் மாடுகள் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டையோடு மேய்கின்றன. எல்லையை நெருங்கினால் பட்டை ஒலி எழுப்பும்; மாடு திரும்பிவிடும். வேலி கூடாது என்று வழக்காடி வென்ற காட்டில் வேலியில்லாமலே மாடு மேய்க்கும் வழி கண்டுபிடித்திருப்பது எனக்குப் பெரும் நிறைவு தருகிறது.

கவலைகளும் குறைவில்லை. எம்25 நெடுஞ்சாலை எப்பிங் அருகே சுரங்கத்தில் இறங்கிக் காட்டைக் கடக்கிறது. சுரங்கத்தின் கூரை மேல் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஆனால் பழைய சாலைகள் காட்டின் நடுவே ஓடுகின்றன, வண்டிப் புகையின் நைட்ரஜன் மண்ணில் படிகிறது, பீச்சின் வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சைகளுக்கு அது ஆகாது. வறண்ட கோடைகள் பீச்சைத்தான் முதலில் வாட்டுகின்றன.

சென்ற மார்ச்சில் லௌட்டன் மேட்டில் ஒரு பீச்சின் கொம்பு முறிந்து பாதைக்குக் குறுக்கே விழுந்திருந்தது. அறுத்து ஓரமாக உருட்டி வைத்திருந்தார்கள். வெட்டு முகத்தில் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு, ஊசி முனையால் ஒவ்வொரு வளையமாக வெளியிலிருந்து உள்ளே எண்ணிக்கொண்டு போனேன். 139 வரை எண்ண முடிந்தது. அதற்குமேல் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு உளுத்திருந்தது. அந்த உளுத்த பகுதிக்குள் எங்கோ கடைசியாக விழுந்த கோடரி இருந்தது. கொம்பின் குறுக்களவு என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை.

அங்கிருந்து இருநூறு அடி தள்ளி, சில குளிர்காலங்களுக்கு முன் தலை இறக்கிய ஹார்ன்பீம்கள் ஒரு வரிசை நிற்கின்றன. ஒவ்வொரு முடிச்சிலும் விரல் தடிப்பில் இளங்கொம்புகள், மொட்டு அவிழும் நிலையில். அவற்றுக்கு அடியில் வெயில் தரை வரை விழுந்தது, சருகுக்கு நடுவே புல் முளைத்திருந்தது. பக்கத்து முடிச்சில் கொம்புகளை எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டுவிட்டேன்.